கடலோரச் சரிவில் ஒரு பங்களா

தாணுலிங்கம் சென்னையில் இருபது வருஷம் அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளியவர். ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான ஆர்க்கிடெக்ட் ஜெசிந்தாவிடம் வந்து நின்றார்.

"வீடு வரையக் கத்துக்கணும், மேடம்."

"வாங்க சார்" என்றார் ஜெசிந்தா. அவ்வளவுதான்.

முதல் வேலையே பெரிதாக வந்தது. முட்டம் பக்கம், சாலையிலிருந்து கடல் வரைக்கும் சரிந்து இறங்கும் நிலம். கப்பல் தொழிலில் இருந்த செல்வதாஸ் அங்கே ஒரு சொகுசு பங்களா கேட்டார். "இந்தக் கரையில இதுமாதிரி இன்னொண்ணு இருக்கப்படாது" என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

தாணுலிங்கம் உயிரைக் கொடுத்து வரைந்தார். பாறையை வெடிவைத்து எடுத்து, கீழே பெரிய தடுப்புச்சுவர் எழுப்பி, மண் நிரப்பி, மைதானம்போல ஒரு தளம். அதன்மேல் முழுக்கக் கண்ணாடியில் வீடு.

ஜெசிந்தா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வீடு எங்க தொடங்குது, சார்?"

"தரையைச் சமன் பண்ணின பிறகு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வெறும் சரிவுதானே, மேடம். அந்தச் சரிவை வேற என்னதான் செய்ய முடியும்?"

ஜெசிந்தா படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். "செல்வதாஸையும் அவங்க வீட்டம்மாவையும் நாளைக்கு நிலத்துக்கே வரச் சொல்லுங்க. ஃபிளாஸ்க்ல டீ எடுத்துக்கலாம்."

தாணுலிங்கத்துக்கு அது சரியாகப் படவில்லை. இதே வேலைக்கு இன்னொருவரும் படம் கொடுத்திருந்தார். அங்கே கம்ப்யூட்டரில் அறை அறையாக நடத்தியே காட்டினார்களாம். இங்கே டீ.

மறுநாள் சாயங்காலம் காரை விட்டு இறங்கியதும் செல்வதாஸ் கேட்டார். "படம் எங்க?"

"முதல்ல கீழ போய்ப் பார்ப்போம்" என்று ஜெசிந்தா முன்னால் இறங்கினார்.

பாதி வழியில், பாறையைத் தாண்டியதும் காற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. செல்வதாஸ் நின்றார்.

"இங்கயே இருப்போமே."

செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். முதுகு தானாகச் சரிவில் சாய்ந்துகொண்டது. அவர் மனைவி எமல்டா சற்று மேலே உட்கார்ந்தார். கணவரின் தலைக்கு மேலாக அவருக்கும் முழுக்கடலும் தெரிந்தது.

டீ ஊற்றினார்கள். கரை திரும்பும் படகுகளைப் பற்றிப் பேச்சு போனது. தாணுலிங்கம் மட்டும் உட்காரவில்லை. அவர் படத்தில் அந்தப் பாறை இல்லை. அந்தப் புல் ஆளுயர மண்ணுக்கு அடியில் இருந்தது.

பொழுது இறங்கும்போதுதான் செல்வதாஸுக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"சரி, சொல்லுங்க. ஹாலை எங்க போடப்போறீங்க?"

தாணுலிங்கம் அக்குளில் இருந்த படத்தை எடுத்தார். பாதி விரித்தார். பிறகு அவரே அதைச் சுருட்டிவிட்டார்.

ஜெசிந்தா சொன்னார்: "அதுலதான் இவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கீங்க."

செல்வதாஸ் கையால் புல்லைத் தடவிப் பார்த்தார். எமல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

ஜெசிந்தா திரும்பினார். "தாணு சார், நீங்க சொல்லுங்க."

தாணுலிங்கம் எமல்டாவைப் பார்த்தார். அவருக்குக் கீழே செல்வதாஸின் தலையைப் பார்த்தார். அதற்கும் அப்பால் கடலைப் பார்த்தார்.

"உங்க பெட்ரூம்ல இருக்கீங்கம்மா" என்றார். "அவரோட கூரைதான் உங்க முற்றம்."