கரிச்சானுக்கு ஒதுக்கிய கருவேல மரம்

பெருங்காடு தீப்பிடித்து எரிந்த கோடையில், உயிர் தப்பிய பறவைகள் ஒன்றுசேர்ந்து கிழக்கே பறந்தன. முள்ளும் கல்லுமாகக் கிடந்த பொட்டல் வெளியின் நடுவே ஒரு குளத்தையும், அதன் கரையில் ஒரு பெரிய மருத மரத்தையும் கண்டன. அதற்கு முன் அங்கே யாரும் குடியிருந்ததில்லை. கேட்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை. வானத்தில் இரண்டு வல்லூறுகள் மட்டும் சொந்த வீட்டு முற்றத்தில் உலாவுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

வந்த கூட்டத்தில் இருளப்பன் என்ற கரிச்சான் குருவியும் அவன் மனைவி இருளாயியும் இருந்தார்கள். கரிச்சான் சின்னப் பறவைதான். உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்றிருக்கும், வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆனால் வல்லூறைக் கண்டால் ஓடி ஒளியாது. அதன் பிடரியிலேயே போய் உட்கார்ந்து கொத்தும். இருளப்பன் வழி நெடுக அப்படித்தான் கூட்டத்தைக் காப்பாற்றிக் கூட்டி வந்தான். அப்போதெல்லாம் அவன் என்ன நிறம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிர் போகிற அவசரத்தில் நிறம் பார்க்க யாருக்கு நேரம்?

மரத்தைக் கண்டதும் எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிட்டது.

கொக்குகளின் தலைவர் வெள்ளைச்சாமி உச்சியில் நின்று இடம் பிரித்துக் கொடுத்தார். உச்சிக் கிளைகள் கொக்குகளுக்கு. நடுக்கிளைகள் புறாக்களுக்கு. கீழ்க்கிளைகள் மைனாக்களுக்கு. இருளப்பன் பணிவாக முன்னே வந்தான்.

"அய்யா, எங்களுக்கு?"

"உனக்கா? மரம் நிறைஞ்சுபோச்சேப்பா."

"கிளை பிரியுற அந்தக் கவட்டை சும்மாதானே கிடக்கு, அய்யா? இலை மறைவா இருக்கு. என் வீட்டுக்காரி முட்டை வைக்கிற நேரம்."

"சும்மா கிடக்குன்னு யார் சொன்னா? காத்து வர்றதுக்கு விட்டிருக்கோம்" என்றார் வெள்ளைச்சாமி.

கீழே ஒரு மைனா, "கறுப்பு ஒட்டிக்கும்" என்று முணுமுணுத்தாள். அவள் தலையும் கறுப்புதான். அதை அவளிடம் எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் வல்லூறு பயம் இருந்ததே! காவலுக்கு ஆள் வேண்டும். வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு செய். அதோ தெரியுது பாரு, கருவேல மரம். அங்க இருந்து காவல் பாரு. முதல் மழை விழட்டும், கவட்டையை உனக்கே விட்டுத் தர்றோம். ஆனா அதுவரைக்கும் இந்த மரத்துல கால் வைக்கக் கூடாது."

அந்தக் கருவேல மரம் வெட்டவெளியில் நின்றது. முள் நிறைய இருந்தது, இலை அரிதாக இருந்தது.

"மேலேருந்து பாத்தா கூடு பளிச்சுன்னு தெரியும்ங்க" என்றாள் இருளாயி.

"கொஞ்ச நாள்தான் புள்ள. குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள கவட்டை கிடைச்சிரும்" என்றான் இருளப்பன். பாவம், அவன் நம்பினான். நல்லது செய்தால் நல்லபடி நடத்துவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை.

காவல் தொடங்கியது. வல்லூறைக் கண்டதும் இருளப்பன் கீச்சென்று குரல் கொடுப்பான். எல்லோரும் இலைக்குள் பதுங்குவார்கள். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. அதனால் மரத்தில் ஒரு புது மனக்குறை முளைத்தது.

"அவன் கத்துறான், நாம ஒளியுறோம். அவன் சொல்லுக்கு நாம ஆடுறதா?" என்றது ஒரு கிழக்கொக்கு.

வெள்ளைச்சாமி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இருளப்பன் இனிமேல் நேராக மரத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கக் கூடாது. நாச்சிமுத்து என்ற கொக்கிடம் சொல்ல வேண்டும். நாச்சிமுத்து அதை மரத்துக்கு அறிவிப்பான். அறிவிப்பு வந்த பிறகுதான் பதுங்க வேண்டும். அதற்கு முன்னால் பதுங்குவது மரியாதைக் குறைவு. நாச்சிமுத்து வேறு யாருமல்ல, வெள்ளைச்சாமியின் மைத்துனன்தான். தூய வெள்ளைக் கொக்கு, வேறு வேலையில்லை.

"கரகரன்னு இருக்குமே அவர் குரல். சுருக்கா வேற சொல்ல மாட்டாரே, அய்யா?" என்று கேட்டான் இருளப்பன்.

"உன் வேலையை நீ பாரு" என்று பதில் வந்தது.

ஒருநாள் முதல் மழை விழுந்தது. இருளப்பன் நனைந்த சிறகோடு வந்து தரையில் நின்று, அண்ணாந்து பார்த்துக் கவட்டையைக் கேட்டான்.

"இதுவா மழை? இது தூறல்" என்றார் வெள்ளைச்சாமி.

அடுத்த மழை கொட்டித் தீர்த்தது. குளம் நிறைந்து வழிந்தது.

"இது கோடை மழை. கணக்குல சேராது."

அதற்குள் இருளாயியின் முட்டைகள் பொரிந்துவிட்டன. குஞ்சுகள் கருவேல மரத்தில் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே பறக்கிற எவருக்கும் அந்தச் சிவந்த வாய்கள் தெரியும்.

பேச்சி என்ற மணிப்புறா மட்டும், யாரும் பார்க்காதபோது அந்தப் பக்கம் வருவாள். "உன்னாலதாம்ப்பா என் பிள்ளைங்க உசுரோட இருக்கு" என்பாள்.

"அதை அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. கவட்டை கிடைச்சா என் பிள்ளைங்களும் பிழைச்சுக்கும்."

"சொல்றேன்" என்பாள் பேச்சி. ஆனால் மரத்துக்குத் திரும்பியதும் அக்கம்பக்கத்து முகங்களைப் பார்ப்பாள். நாக்கு எழும்பாது.

பிறகு அந்தக் காலை வந்தது. மேற்கிலிருந்து வல்லூறு தாழப் பறந்து வந்ததை இருளப்பன் முதலில் பார்த்தான். குரல் கொடுத்தான். நாச்சிமுத்து அப்போது குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மீன் பாதித் தொண்டையில் இருந்தது.

குரல் மரம் முழுக்கக் கேட்டது. பேச்சிக்கும் கேட்டது. அது என்ன குரல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் எல்லோரும் நாச்சிமுத்துவையே பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். அவன் மீனை விழுங்கினான். சிறகை உதறினான். தன் கிளைக்கு ஏறி வந்தான். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தான்.

வல்லூறு பேச்சியின் கூட்டுக்கு நேரே கால்களை நீட்டிவிட்டது.

இருளப்பன் இருளாயியைப் பார்த்தான்.

"போங்க. இங்க நான் இருக்கேன்" என்றாள் அவள்.

அவன் பாய்ந்தான். கால் வைக்கக் கூடாத மரத்துக்குள்ளேயே நுழைந்தான். வல்லூறின் பிடரியைப் பிடித்துக் கொத்தி, கண்ணைக் குத்தி, குளத்துக்கு அப்பால்வரை விரட்டினான். பேச்சியின் குஞ்சுகள் பிழைத்தன.

ஆனால் வல்லூறுகள் இரண்டு. மற்றொன்று கருவேல மரத்துக்குப் போயிருந்தது. மறைக்க அங்கே ஓர் இலைகூட இல்லை. இருளப்பன் திரும்பி வந்தபோது கூடு காலியாக இருந்தது. இருளாயி ஒற்றைச் சிறகு தொங்க, முள்ளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அவன்தான் அழுதான்.

மாலையில் மரத்தில் கூட்டம் கூடியது. ஆபத்து நேரத்தில் தெளிவாக அறிவித்த நாச்சிமுத்துவைப் பாராட்டி எல்லோரும் சிறகடித்தார்கள். அனுமதியில்லாமல் மரத்துக்குள் நுழைந்ததற்காக இருளப்பனைக் கண்டிப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள்.

கீழே நின்ற இருளப்பன் கடைசியாக ஒருமுறை கேட்டான். "அய்யா, இவளுக்குச் சிறகு ஒடிஞ்சிருக்கு. அந்தக் கவட்டை..."

"உனக்குத்தான் இப்போ குஞ்சு இல்லையேப்பா" என்றார் வெள்ளைச்சாமி. "அப்புறம் கவட்டை எதுக்கு?"

இருளப்பன் பேச்சியைப் பார்த்தான். பேச்சி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பொல்லாதவர்கள் பேசியதைவிட அவள் பேசாதிருந்ததுதான் அவனை அதிகம் நோகடித்தது.

விடிந்ததும் இருவரும் புறப்பட்டார்கள். இருளாயியால் பறக்க முடியவில்லை. தத்தித் தத்திப் பொட்டலைக் கடந்து, ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மருத மரம் தெரிந்தது. அதற்கு மேலே இரண்டு வல்லூறுகளும் சேர்ந்து வட்டமிடுவதும் தெரிந்தது.

"பாக்காதீங்க. வாங்க போகலாம்" என்றாள் இருளாயி.

இருளப்பனால் முடியவில்லை. அந்த மரத்தின் மேல் அவனுக்கு அத்தனை கோபம் இருந்தது. அங்கே குஞ்சுகளும் இருந்தன. அவன் தொண்டை கிழியக் கத்தினான். காற்று அந்தக் குரலைச் சிந்தாமல் கொண்டுபோய் மரத்தில் சேர்த்தது.

மரத்தில் எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வழக்கம்போல நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்கள்.

நாச்சிமுத்து வெள்ளைச்சாமியைப் பார்த்தான். "அத்தான், அவன்தான் வேலையை விட்டுப் போயிட்டானே. அவன் சொல்றதை நான் எப்படி அறிவிக்கிறது?"

"அதானே" என்றார் வெள்ளைச்சாமி. "யோசிக்க வேண்டிய விஷயம்தான்."

அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி ஒருத்திதான் வாயைத் திறந்தாள். அவள் திறந்தபோது வல்லூறின் நிழல் அவள் கூட்டின் மேல் விழுந்துவிட்டது.

பாறையிலிருந்து பார்த்தவர்களுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இறகுகள் உதிர்வது மட்டும் தெரிந்தது. வெள்ளையா, சாம்பலா, பழுப்பா என்று அவ்வளவு தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருளப்பன் கத்திக்கொண்டே இருந்தான். மரத்தில் அசைவு நின்ற பிறகுதான் அவனும் நிறுத்தினான்.

காப்பாற்ற வருகிற குரலின் நிறத்தை ஆராய்கிற கூட்டமும், அது தவறென்று தெரிந்தே வாய்மூடியிருப்பவர்களும் ஒன்றாகவே அழிந்துபோவார்கள்.