தவசிக்கனி கழட்டுன வால்வு

காவல்கிணறு விலக்குக்கிட்ட வரும்போது காரு முன்னால புகையா கக்க ஆரம்பிச்சுட்டு. ஓட்டிட்டு வந்தவ ஆவுடைச்செல்வி. பாளையங்கோட்டையில காலேஜ் மூணாவது வருசம். மத்தியானம் நாகர்கோயில்ல பேச்சுப்போட்டி, இறுதிச் சுத்து. பேரக் கூப்பிடும்போது ஆளு இல்லேன்னா பட்டியல்லேருந்து அடிச்சுருவாங்க. அதுக்குத்தான் மாமா கால்ல விழாத குறையா இந்தக் காரை வாங்கிட்டு வந்தா. அது நடுரோட்டுல மானத்த வாங்குது.

நல்லவேளை, பக்கத்துலயே ஒரு ஒர்க்ஷாப் இருந்துச்சு. கெட்டவேளை, அது தவசிக்கனியோட ஒர்க்ஷாப்பா இருந்துச்சு.

தவசிக்கனி பானட்டத் தூக்கினாரு, மோந்து பாத்தாரு, நேரா பக்கத்து எட்வின் டீக்கடை பெஞ்சுல போய் உக்காந்துட்டாரு.

"என்ன அண்ணாச்சி, உக்காந்துட்டீங்க?"

"எஞ்சின் ஆறட்டும் பிள்ளே. சூட்டோட ரேடியேட்டர் மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

அது நியாயம். எதிராளி நியாயம் பேசிட்டா ஆவுடைச்செல்விக்கு ஆத்திரம் இன்னும் கூடும். "என்ன கோளாறுன்னாவது சொல்லுங்க."

"நீ நாங்குநேரி தாண்டும்போதே எனக்குக் கேட்டுட்டு. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சின்னதா ஒரு வால்வு உண்டு. சூடானா அது தொறந்து தண்ணிய விடணும். உனக்கு அது தொறக்காம மாட்டிக்கிட்டு."

"நாங்குநேரியில ஓடுன காரு சத்தம் இங்க கேட்டுச்சா?"

"காத்துல வந்துச்சு."

எட்வின் டீய ஆத்திக்கிட்டே சொன்னாரு: "காத்து இங்கேருந்துல்லா அங்க போவுது."

"அதான் கொஞ்சம் லேட்டாக் கேட்டுச்சு" அப்படின்னாரு தவசிக்கனி. முகத்துல ஒரு கூச்சம் கிடையாது.

ஆவுடைச்செல்வி போன்ல மணியப் பாத்தா. அவரு வானத்தப் பாத்தாரு.

"இப்படித்தான் கேரளாலேருந்து ஒரு லாரி வந்துச்சு. இதே வால்வு, இதே கோளாறு. பக்கத்து மண்டபத்துல கல்யாணம், கேஸ் தீந்து சமையக்காரன் அழுதுட்டு நிக்கான். ரேடியேட்டர் மூடியில ரப்பர் ஓஸ மாட்டி இட்லிக் கொப்பரைக்கு ஆவிய விட்டேன் பாரு! ரெண்டு பந்திக்கு இட்லி வெந்துச்சு. பஞ்சு!"

"கூலண்ட் மருந்து கலந்த ஆவியில வெந்த இட்லியா? தின்னவங்க உசுரோட இருக்காங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? அதுல ஒருத்தருக்கும் இன்னைவரைக்கும் காய்ச்சல் வரல. உடம்பு சூடானா தானா ஆறிருது."

எட்வின் டீய மூக்குல ஏத்திக்கிட்டு இருமினாரு.

"அண்ணாச்சி, எனக்குக் கதை வேண்டாம், வண்டி வேணும். கோளாறு வால்வுன்னா புதுசு மாட்டுங்க."

"புதுசா? நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்கு? கழட்டி எறிஞ்சுட்டு ஓட்ட வேண்டியதான். இந்த ரோட்டுல எல்லா ஒர்க்ஷாப்புலயும் அதான் பழக்கம்."

"அது பழக்கம் இல்ல, கேடு. வால்வு இல்லேன்னா எஞ்சின் சூடே பிடிக்காம டீசலக் குடிக்கும்."

"சூடு பிடிக்காதுதான். நான் இல்லேன்னா சொன்னேன்? பணகுடி வாத்தியாரு கார்ல கழட்டி விட்டேன். வள்ளியூர் போறதுக்குள்ள சைலன்சர்ல பனிக்கட்டி தொங்குது! சித்திரை மாசம், மனுசன் மங்கி குல்லா போட்டு இறங்குதாரு. உவரி மீன் யாவாரிங்க பாத்துட்டு விடுவாங்களா? டிக்கியில மீன அடுக்கி, ஐஸே இல்லாம கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டாங்க."

"வாத்தியாரு?"

"வேலைய விட்டுட்டாரு. இப்ப மீன் யாவாரம்."

"அப்ப அந்த வால்வு எங்க?" இது எட்வின்.

"கிணத்துல எறிஞ்சேன். அதான் பெரிய தப்பாப் போச்சு. மழைக்காலத்துல அந்தக் கிணத்துல சொட்டுத் தண்ணி கிடையாது. அக்னி நட்சத்திரத்துல பொங்கி வழியுது."

ஆவுடைச்செல்விக்குப் பொறுக்கல. "நீங்க பேசுற சூட்டுல எஞ்சின் எப்படி ஆறும்?" துப்பட்டாவக் கையில சுத்திக்கிட்டு கார்கிட்ட போனா. ரேடியேட்டருக்கு ரெண்டு ரப்பர் ஓஸ். மேல உள்ளதத் தொட்டா, துணியத் தாண்டிச் சுட்டுச்சு. கீழ உள்ளதத் தொட்டா, குளத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு கிடந்துச்சு. அப்ப சூட்டுத் தண்ணி சுத்தி வரவே இல்ல, நடுவுல அடைச்சுத்தான் கிடக்கு. இத்தனை புளுகுக்கு நடுவுல அந்த ஒண்ணு மட்டும் நிஜமாப் போச்சேன்னு அவளுக்கு வயிறு எரிஞ்சுது.

ஒருவழியா எஞ்சின் ஆறுச்சு. தவசிக்கனி வால்வக் கழட்டி, கேக்காம கொள்ளாம எட்வின் வெந்நிப் பாத்திரத்துல போட்டாரு. "ஏ நாசமாப் போறவனே, டீக்கு வச்ச தண்ணிடே!"ன்னு எட்வின் கத்துனாரு. தண்ணி தளதளன்னு கொதிக்குது, வால்வு இம்மி தொறக்கல.

"பாத்தியா? இனி வால்வு இருந்த இடத்து மூடிக்கு அடியில, தண்ணி கசியாம ஒரு அட்டை வெட்டி வைக்கணும்." பழைய கல்யாணப் பத்திரிகை ஒண்ண எடுத்தாரு. வெட்டணுமில்லா? பொண்ணு வீடு எந்த ஊருன்னு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்பப் பாத்து போன் அடிச்சுது. போட்டி நடத்துற கிருபாகரன் சார்.

"எங்கம்மா இருக்க? உனக்கு முன்னால இன்னும் ஒருத்தர்தான். பேர அடிக்கட்டா?"

ஆவுடைச்செல்வி வாயத் தொறந்தா. வண்டி ரிப்பேர்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. ஒரு மூச்சு இழுத்துவிட்டுட்டு ஆரம்பிச்சா.

"சார், காவல்கிணத்துல நிக்கேன். கார்லேருந்து வந்த ஆவி மேல போய் மேகமாக் கட்டி இங்க மட்டும் மழை கொட்டுது சார். பஸ்ஸெல்லாம் லைட்டப் போட்டுட்டு நிக்கு. மழையப் பாத்துட்டு மலையிலேருந்து மயிலு இறங்கி நடுரோட்டுல ஆடுது. ஆடி முடிக்கிற வரைக்கும் ஒரு வண்டியும் நகரக்கூடாதுன்னு வனத்துறை கயிறு கட்டிட்டாங்க. மெக்கானிக் அஞ்சு நிமிசத்துல முடிச்சுருவாரு, மயிலுதான் சார் லேட்டு."

எட்வின் ஆத்துன டீ தரையில ஊத்துது.

"மயிலு இன்னும் ஆடுதா?" சார் கேட்டாரு.

"கடைசிச் சுத்து சார்."

"சரி. உன்னைக் கடைசியாப் போடுதேன். இதே வாயோட வந்து சேரு."

போன வச்சுட்டுத் திரும்புனா, தவசிக்கனி பத்திரிகையும் கையுமா அவளையே பாத்துட்டு நிக்காரு. மூஞ்சி செத்துப் போச்சு.

"படிச்ச பிள்ளை, இப்படியா வாய் கூசாம புளுகுவ?"

"நீங்களா அண்ணாச்சி கேக்குறீங்க?"

"மழை பேஞ்சுதுன்ன, சரி, பேயும். மயிலு ஆடுச்சுன்ன, அதுவும் ஆடும், நானே பாத்துருக்கேன்." தவசிக்கனி மறுபடி பெஞ்சுல உக்காந்தாரு. "மெக்கானிக் அஞ்சு நிமிசத்துல முடிச்சுருவான்னு சொன்னே பாரு, அத எவன்ம்மா நம்புவான்?"