இன்னும் ஒரு கோட்டு

"ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள வராம இருக்க என்னங்கம்மா பண்ணோணும்?"

கேட்டவர் நஞ்சப்பன். மேட்டுப்பாளையத்துக்காரர். கோத்தகிரிக்கு மேலே இருக்கும் சின்ன மடத்துக்கு அவ்வப்போது வந்து போகும் சீடர். மடத்துச் சாமியம்மாவைவிட வயதில் மூத்தவர். பிடிவாதத்திலும்தான்.

"எதுக்குள்ள?" என்றார் சாமியம்மா.

நஞ்சப்பன் வாசலைக் காட்டினார். அங்கே அவருடைய குட்டியானை சரக்கு வண்டி நின்றது. அதன் முதுகில், ப்ளைவுட்டில் அவரே கட்டிய ஓர் அறை. படுக்க மெத்தை, சமைக்க அடுப்பு எல்லாம் உண்டு. வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். சக்கரத்தின் மேல் கட்டிப்பார் என்று யாரும் சொன்னதில்லை.

மனைவி ருக்குமணி கடலைப் பார்த்ததே இல்லை. அவளை ராமேசுவரம் கூட்டிப்போகத்தான் கட்டினார். ஆடியிலேயே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்புகிற அன்று பெய்த மழையில் மூலையில் ஒரு சொட்டு ஒழுகியது.

அதோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று. மூட்டுக்கு மூட்டு சிலிக்கான் வைத்தார். மேலே பைபர் துணி ஒட்டி ரெசின் பூசினார். அதன்மேல் பெயின்ட் அடித்தார். எப்போது போகலாம் என்று ருக்குமணி கேட்டால், "இன்னும் ஒரு கோட்டு" என்பார். கடைசியில், ஆசையாக வெட்டி வைத்த ஜன்னலையும் பலகை வைத்து அடைத்துவிட்டார்.

இப்போது மார்கழி. "தை பொறந்தா நான் எங்கண்ணங்கூட பஸ்ஸுல போய்க்கறனுங்க. நீங்க பெயின்ட் அடிங்க" என்று ருக்குமணி சொல்லிவிட்டாள். கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சாமியம்மா குழாயைத் திறந்து, வண்டிக் கூரைமேல் வெகுநேரம் தண்ணீர் பீய்ச்சினார். உள்ளே பொட்டு ஈரமில்லை.

"ஒண்ணும் வரலையே. கிளம்புங்க."

"வழியில பெருமழை புடிச்சா? இன்னும் ஒரு கோட்டு அடிச்சுட்டா…"

கூட வந்திருந்த ருக்குமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி. இன்னைக்கு ரெண்டு பேரும் இதுக்குள்ளயே படுங்க. கதவை நல்லாச் சாத்திக்கங்க" என்றார் சாமியம்மா.

விடிந்ததும் நஞ்சப்பன் பதறிக்கொண்டு வெளியே வந்தார். சட்டையெல்லாம் ஈரம்.

"கூரை பூராவும் சொட்டுதுங்கம்மா! ராத்திரி மழைங்களா?"

"இல்லை."

"அப்புறம் எங்கிருந்து வந்துச்சு?"

சாமியம்மா மடத்துக்குள்ளே போய், சில்லிட்டுக் கிடந்த பித்தளைச் செம்பை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஊதுங்க."

ஊதினார். செம்பு மங்கியது. சாமியம்மா அதை விரலால் வழித்தார். ஒரு சொட்டு உருண்டு விழுந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"என்ற மூச்சுங்க."

"உள்ள சொட்டுறது?"

நஞ்சப்பன் ருக்குமணியைப் பார்த்தார். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க ரெண்டு பேரோடதுங்க."

"அது வெளிய போக எங்க வழி விட்டீங்க?"

நஞ்சப்பன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஜன்னலை அடைத்த பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். மலைக்காற்று ஜில்லென்று உள்ளே புகுந்தது.

ருக்குமணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, வழியில மழை பெஞ்சா?"

"தொடச்சுக்கலாம். ஏறு, ருக்கு."