வலையில் ஒட்டிய நீலம்

கணவாய் அடிவாரத்தில் ஷமீம் என்றொரு மெக்கானிக் இருந்தாள். வயது இருபத்தாறு. அவளுக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு ஐம்பத்திரண்டு, பெயர் தேவசகாயம், கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். போன வருஷம்தான் அவளிடம் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். மகள் வயதுப் பெண்ணைப் போய் இப்படிக் கூப்பிடலாமா என்று யாராவது இழுத்தால், "விழாமல் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

ஐப்பசியில் பத்து நாள், கருநீல வண்ணத்துப்பூச்சிகள் அந்தக் கணவாயைக் கடந்து மேற்கே போகும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும், பனிமூட்டத்துக்குள்ளேயே போய்விடும். பார்த்துக்கொண்டே நின்றால், பூச்சிகள் நிற்பது போலவும் மலைதான் கிழக்கே நகர்வது போலவும் இருக்கும்.

அவற்றின் நடுவே லாரிகள் புகுந்து போயின. தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் காலையில் லாரிகளை நிறுத்த வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை கோட்டாட்சியர் முன் விசாரணை. அதற்காகத் தினமும் மலையேறி, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, ரோட்டில் செத்துக் கிடப்பவற்றை எண்ணி நோட்டில் எழுதினார்.

வியாழக்கிழமை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கொதிக்குது, குருவே."

ஷமீம் குனிந்து பார்த்தாள். பைக்கின் முன்மூடியில், ரேடியேட்டருக்குக் காற்று போகிற திறப்புக்குள் கருகிய பிசின் போல ஏதோ அப்பிக் கிடந்தது.

"பூச்சி சார். உள்ள போய் ஒட்டி வெந்துடுது. காத்துக்கு வழி இல்ல."

"இதுக்குன்னே வலை விக்கிறாங்களாம். விலையைக் கேட்டா, இந்தப் பைக்கையே வித்தாதான் வாங்கலாம் போல."

ஷமீம் சிரித்தாள். யார் வீட்டிலோ ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து மிஞ்சிய அலுமினியத் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. திறப்பின் மேல் செய்தித்தாளை வைத்து, கிரீஸ் விரலால் ஓரத்தைத் தேய்த்து அளவெடுத்தாள். அந்த அளவுக்கு வலையைக் கத்தரித்து, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடக்கி, நாலு பிளாஸ்டிக் டேக்கைப் போட்டு இறுக்கினாள்.

"அவ்வளவுதான். ஒரு டீ வாங்கிக் குடுங்க."

"ரெண்டா மடிச்சுப் போடேன். கொசுகூட நுழையக் கூடாது."

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்? காரணம் சொல்லு."

அவள் காரணம் சொல்லவில்லை. ரெண்டாக மடித்தே போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாவது வளைவிலிருந்து தள்ளிக்கொண்டு இறங்கினார்.

"காத்தும் நுழையல, குருவே. நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "வாதாடியிருப்பேன்."

அவள் ஒரு மடிப்பை வெட்டி எடுத்தாள்.

சனிக்கிழமை ஓட்டிக்கொண்டே வந்து இறங்கினார். சட்டையெல்லாம் பனி ஈரம். கண்ணில் இன்னும் அந்த மலை நகர்ந்துகொண்டிருந்தது.

"இருபது வளைவும் ஏறியாச்சு. சூடே ஏறல. ரோட்டுல நூத்திப் பதினாறு கிடந்தது. திங்கக்கிழமை லாரிக்காரங்கள்ல ஒருத்தன்கூட வாய் திறக்க முடியாது."

ஷமீம் பைக்கின் முன் குந்தி உட்கார்ந்தாள். பெயின்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் வலையைத் தடவி, ஒட்டியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் விரித்த செய்தித்தாளில் வைத்தாள். சிறகு மடங்காமல் வைத்தாள். அவள் விரல் நுனியெல்லாம் நீலப் பொடி.

தேவசகாயம் மலையைப் பார்த்தார்.

"இது எத்தனை சார்?"

"அது வேற."

"எப்படி வேற?"

"நான் அதுங்களுக்காகப் போறேன். லாரிக்காரன் எதுக்குப் போறான்?"

"புளி ஏத்திக்கிட்டுப் போறாரு."

"நான் நாப்பதைத் தாண்டறதே இல்ல."

"தெரியுது. சிறகு முழுசா இருக்கு."

அவர் கோபமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பஸ்ல போகச் சொல்றியா? பஸ் எல்லா வளைவுலயும் நிக்குமா? நான் எண்ணலைன்னா யாரு எண்ணுவா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

"இதையும் நோட்டுல எழுதினா என்ன ஆகும் தெரியுமா? 'நீயும்தானய்யா கொன்னே'ன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"மனுவே தோத்துப் போயிடும்."

"போகலாம்."

தாளில் மூன்றாவது வரிசை தொடங்கியது. வெளியே பனி ரோட்டு வரைக்கும் இறங்கி வந்திருந்தது. தேவசகாயம் நோட்டைத் திறந்தார், மூடினார்.

பிறகு அவர் கேட்டார், கொஞ்சம் தணிந்த குரலில்: "வலை போட்டும் சாகுது. போடாதப்பவும் செத்துச்சு. அப்ப இந்த வலையால என்னதான் ஆச்சு, குருவே?"

ஷமீம் பிரஷ்ஷை உதறிவிட்டு அவர் பக்கம் தாளை நகர்த்தினாள்.

"முன்னெல்லாம் உள்ள போய் எரிஞ்சு போயிடும் சார். இப்ப எண்ணலாம்."