செல்லரித்த பதில்

காகிதம் என்ற ஒன்று கண்ணில் படாத காலத்திலே, கொன்றைக்கரை நாட்டை உக்கிரசேனர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒருவனைக் கட்டித் தழுவுவார்; மத்தியானம் அவனையே தூணில் கட்டிவைக்கச் சொல்லுவார். அப்படி ஒரு குணம்.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஊருக்கு ஓர் உறுப்பினர் சபையில் உண்டு. ஊர்க் குறையை அவர் ஓலையில் கேள்வியாக எழுதி அனுப்பலாம். ஐந்து நாளுக்குள் மந்திரி ஓலையிலேயே பதில் அனுப்பியாக வேண்டும். மந்திரி நீலகண்டராயர் ஒரு நாள்கூடத் தவணை தப்பியதில்லை. "பன்னிரண்டு வருஷத்தில் எட்டாயிரம் கேள்வி, எட்டாயிரம் பதில்!" என்று மீசையைத் தடவிக்கொள்வார். ராஜாவும் வருஷா வருஷம் பட்டுச் சால்வை போர்த்துவார். கேள்வி கேட்பவர்களைக் கண்டால் மட்டும் மந்திரிக்கு ஆகாது. தன் தோளிலிருந்து சால்வையை உருவ வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

மாவடியேந்தல் ஊருக்கு உறுப்பினர் காத்தாயி. அந்த வருஷம் அவள் ஊர்க் கண்மாயில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மடைப் பலகை இறுகிப்போய், வயலுக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. மடை அரசாங்கத்துச் சொத்து. ஊரார் கை வைத்தால் சவுக்கடி. பயிரோ கதிர் விடும் பருவம். அவ்வளவு தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயிர் கருகுவதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. கேள்வி எழுதி அனுப்பினாள்.

"(அ) மடை பழுதானது அரசுக்குத் தெரியுமா? (ஆ) தெரியும் எனில், எப்போது சரிசெய்யப்படும்? (இ) தாமதத்துக்கு யார் பொறுப்பு?"

ஐந்தாம் நாள் பதில் வந்தது: "(அ) தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது. (ஆ) தீவிரப் பரிசீலனையில் உள்ளது. (இ) இந்தக் கேள்வி எழவில்லை."

மறுபடி எழுதினாள். மறுபடி அதே மூன்று வரி. ஆத்திரத்தில் ஓலையைக் கிழிக்கப் போனவள் சட்டென்று நின்றாள். ஓலை பழுப்பேறி, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. ஐந்து நாளில் எந்த ஓலையைச் செல் அரிக்கும்? அவள் கேட்பதற்கு முன்பே எழுதிக் கட்டிவைத்த பதில் அது! கேள்வி வரவர, அதைப் படிக்காமலே கட்டிலிருந்து ஒன்றை உருவி அனுப்புகிறார்கள். "அடப் பாவிகளா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். எழுத்தாணியை எடுத்து மூன்றாவது ஓலையை நிதானமாக எழுதினாள். ஒருவரே அடுத்தடுத்து அனுப்பும் மூன்றாம் ஓலைக்கு மட்டும் பதிலை ராஜாவின் முன்னால் வாசித்தாக வேண்டும் என்பது அந்தச் சபையின் விதி.

சபை கூடியது. மந்திரி எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று வாசித்தார். அதே மூன்று வரிதான்.

"ஆஹா!" என்று தொடையில் தட்டினார் ராஜா. "வளவளவென்று ஒரு சொல் உண்டா! இந்தப் பதிலில் எனக்கும் பூரண சம்மதம்!"

காத்தாயி எழுந்து கும்பிட்டாள். "பதிலை மெச்சுனீங்க மகாராசா, சந்தோசம். நான் என்ன கேட்டேன்னும் ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க."

"கேள்வியை வாசிக்கும் பழக்கம் இல்லை, அரசே" என்றார் மந்திரி. அது என்னவோ உண்மைதான்.

"இன்றைக்கு வாசியும். பொழுது போகட்டும்."

மந்திரி அலட்சியமாக ஓலையைப் பிரித்தார். "(அ) நம் ராஜாவுக்கு நாடாளும் தகுதி உண்டா?" அதோடு நிறுத்தி, ஓலையைச் சுருட்டப் போனார்.

"ம், மேலே!"

"(ஆ) அவரை அரியணையில் தொடர்ந்து வைத்திருக்க மந்திரி சம்மதிப்பாரா? (இ) மந்திரி ராஜாவுக்கு விசுவாசமானவரா?"

வயதான தளபதி ஒருவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். ராஜா துள்ளி எழுந்தார்.

"என் தகுதிக்குத் தகவல் சேகரிக்கிறீரா ராயரே? என் அரியணை உமது பரிசீலனையில் கிடக்கிறதா? விசுவாசம் என்ற பேச்சே எழவில்லையா?" என்று கத்தியவர், உருவிய வாளோடு காத்தாயி பக்கம் திரும்பினார். "இப்படிக் கேட்க உனக்கு என்ன துணிச்சல்!"

அவள் வாள் முனையைப் பார்த்தாள். ஆனாலும் பேசினாள். "நான் கேட்டதோட சரி, மகாராசா. 'உண்டு'ன்னு ஒத்தை வார்த்தையில பதில் வரும்னு நினைச்சேன். இப்படி எழுதினது மந்திரி ஐயா. அதுக்குப் பூரண சம்மதம்னு சொன்னது நீங்க."

ராஜாவின் வாள் தானாகத் தாழ்ந்தது. "ராயரே, தெரிந்து எழுதினீரா, படிக்காமல் அனுப்பினீரா?"

தெரிந்து என்றால் தலை போகும். படிக்காமல் என்றால் சால்வை போகும். மந்திரி தலையைக் காப்பாற்றிக்கொண்டார். "போன தை மாதமே எழுதிவைத்தது, அரசே."

"எட்டாயிரமும் இப்படித்தானா?"

"எட்டாயிரமும்தான், அரசே."

"அத்தனைக்கும் தலையாட்டியவன் நான்" என்று ராஜா முனகினார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. "உனக்கு என்னதான் வேண்டும் அம்மா?"

"மடை தொறக்கணும். பயிரு கருகுது."

ராஜா மந்திரியின் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். பதில் எழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்தார். மந்திரியைக் கடப்பாரையும் கையுமாக அன்றைக்கே மாவடியேந்தலுக்கு அனுப்பினார். மறு உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் மந்திரியிடமிருந்து கேள்வி வந்தது. "மடை திறந்தாகிவிட்டது. தண்ணீர் ஓடுகிறது. முழங்கால் வரை சேறு. அடியேன் எப்போது திரும்பலாம்?"

காத்தாயி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுதினாள்: "கடைசி வயலில் தண்ணீர் ஏற ஒன்பது நாள் ஆகும். பத்தாம் நாள் வரலாம்."

முத்திரை வைக்க வாங்கிய ராஜா, ஓலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பதில் என்றால் இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான், மகாராசா."