சாம்பியன் கேட்ட கேள்வி

ராயபுரத்தில் தேவசகாயம் என்றொரு குத்துச்சண்டை சாம்பியன் இருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் இளவட்டத்தோடு அவருக்குப் போட்டி. பயிற்சிக்கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, "எனக்கு வயசாயிடுச்சாடா?" என்று உறுமினார்.

"சிங்கம்ணே நீங்க!" என்றார்கள் சீடர்கள்.

அவருக்குத் திருப்தி வரவில்லை. முட்டை அவித்துக்கொண்டிருந்த சமையல்காரி பிலோமினாவிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. பொய் சொன்னா வேலை போயிடும். கிழவன்னு சொன்னா பல்லு போயிடும்."

பிலோமினா அடுப்பைத் தணித்தாள்.

"எனக்கு இன்னாண்ணே தெரியும்? நான் சமைக்க வந்த நாள்லேர்ந்து நீங்க யாரையும் இப்படிக் கேட்டதில்ல. அவ்ளோதான் தெரியும்."

தேவசகாயம் வெகுநேரம் தம் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு முட்டை வாங்கித் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையேறத்தான் செய்தார், நடுவராக.