நம்பாமலிருக்க நியமிக்கப்பட்டவன்

கோணக்குளத்தில் இருபது வீடு. இருபதையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு கரண்டி புத்தி தேறாது. அந்தக் கோடையில் கிணறுகளும் வற்றிப்போக, நீரூற்றுப் பார்க்கும் அதிகாரி அம்மா ஒருத்தியை டவுனிலிருந்து வரவழைத்தார்கள்.

அவள் அக்கம்பக்கத்து ஊர்க் கிணறுகளையெல்லாம் அளந்துவிட்டு, மண்ணில் குச்சியால் ஒரு படம் போட்டாள். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு.

“பெரும்பாலான கிணத்துல ஐம்பதடி பக்கம் தண்ணி இருக்கு. ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். மணி மாதிரி இருக்கு பாருங்க. இங்க நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல தண்ணி வரும். தொண்ணூற்றைந்து சதவீதம் நம்பிக்கையோட சொல்றேன்” என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள்.

ஊர்த்தலைவர் மாடக்கண்ணு படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“மணிக்கு நாக்கு இல்லையே, வே.”

“சர்க்கார் மணி. நாக்கு இருக்காது” என்றான் சுப்புக்காளை. ஊரில் அவன்தான் அறிவாளி.

அடுத்து நம்பிக்கை விஷயம் வந்தது. தொண்ணூற்றைந்து சதவீதம் என்றால் இருபது வீட்டில் பத்தொன்பது வீடு நம்ப வேண்டும், ஒரு வீடு நம்பக் கூடாது. ஆனால் இருபதும் நம்பித் தொலைத்திருந்தது. கணக்கு உதைத்தால் தண்ணீர் எப்படி வரும்?

மாடக்கண்ணு நாணயத்தை எடுத்தார். “பூ விழுந்தா வெயிலுமுத்து நம்பக் கூடாது. தலை விழுந்தாலும் வெயிலுமுத்து நம்பக் கூடாது. ரெண்டுக்கும் சம வாய்ப்பு. இதுல ஓரவஞ்சனை கிடையாது.”

வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. தலை விழ வேண்டுமென்று குலசாமியை வேண்டிக்கொண்டான். பூ விழுந்தது. தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டே பதவியை ஏற்றான். உள்ளூர அவனுக்கு அந்த அம்மாள்மேல் மலையளவு நம்பிக்கை. வெளியே காட்டாமல் முகத்தைச் சுளித்தபடி, “தண்ணி வராது” என்று சொல்லிப் பழகினான்.

எங்கே தோண்டுவது என்று பேச்சு வந்தது.

“முதல் நாப்பதடியில தண்ணி இல்லன்னு அந்த அம்மாவே சொல்லிட்டாவ. இல்லாத எடத்தைத் தோண்டுதவன் கிறுக்கன்” என்றான் சுப்புக்காளை.

“அப்ப அந்த நாப்பதை என்ன செய்ய?”

“நடந்து தாண்டிருவோம்.”

சாவடித் தூணில் கயிற்றைக் கட்டி அளந்தார்கள். நாற்பதாவது அடி வெயிலுமுத்து வீட்டு வாசற்படியில் விழுந்தது. அறுபதாவது, தொழுவத்தில். மணியின் உச்சி சரியாக அவன் அடுப்பில். கூரையைப் பிரித்துவிட்டு மண்வெட்டியைப் போட்டார்கள்.

“அடுப்ப இடிக்காவ. பாத்துக்கிட்டு நிக்கியளே” என்று அழுதாள் அவன் மனைவி பேச்சியம்மாள்.

“நம்பாம இருக்கதுதான் என் வேலை. தடுக்கதுக்கு என்னையப் போடல” என்றான் வெயிலுமுத்து. உடைந்த அடுப்புக்கல் ஒன்றைப் பொறுக்கி அவளிடம் கொடுத்தான். ஆனாலும் கடமை தவறாமல், “வராது” என்றான்.

இடுப்பளவு தோண்டியபோது, எங்கிருந்தோ வந்த கோடை மழை பேய்த்தனமாகக் கொட்டியது. மழை வெறித்து ஓய்ந்தபோது குழி தளும்பிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் குடத்தோடு ஓடிவந்தாள். மாடக்கண்ணு மறித்தார்.

“இது எங்கேருந்து வந்த தண்ணி?”

“மேலேருந்து” என்றான் சுப்புக்காளை.

“மேலேருந்து வரும்னு அந்த அம்மா சொன்னாவளா?”

“இல்ல.”

“அப்ப இது நம்ம தண்ணி இல்ல. எறைச்சு ஊத்துங்க. கணக்குத் தண்ணி வந்து, எடமில்லன்னு திரும்பிப் போயிரப்போவுது.”

ஊரே வரிசையில் நின்று இறைத்துத் தெருவில் கொட்டியது. கடைசிச் சொட்டை வெயிலுமுத்துவே துணியால் ஒற்றிப் பிழிந்து வெளியே போட்டான். அந்த உழைப்பில் நாக்கு வறண்டுபோய், பேச்சியம்மாளின் குடத்தை வாங்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினான்.

பாதி வழியில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. குடத்துக்குள் ஒரு துளியும் விழுந்துவிடாதபடி அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே நடந்தான்.